சிறு தொழிலுக்கு வர்த்தகச் சபையைப் பயன்படுத்துவது எப்படி? சிங்கப்பூர்க் கடைக்காரருக்கான முழு வழிகாட்டி

தேக்காவில் மளிகைக் கடை, பொங்கோலில் வீட்டிலிருந்தே முறுக்கு வியாபாரம், ஜூரோங்கில் சின்னதாக ஓர் ஏற்றுமதி அலுவலகம். இப்படி ஏதாவது ஒன்றை நடத்துபவருக்காக இதை எழுதுகிறேன். சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. என்னிடம் வருபவர்கள் எல்லாருக்கும் வர்த்தகச் சபை என்று ஒன்று இருப்பது தெரியும். எப்போது போக வேண்டும், எதைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதில்தான் இடறுகிறார்கள். பெரும்பாலும் காரியம் முடிந்தபிறகு போகிறார்கள். முன்பணம் கட்டியாகிவிட்டது, கப்பல் கிளம்பிவிட்டது, வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அப்புறம் சபை என்ன செய்யும்?

எனவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். ஒவ்வொரு படிக்கும் காரணத்தையும் சொல்லியிருக்கிறேன்.

1. எந்தக் கதவு எதற்கு என்று முதலில் பிரியுங்கள்

நம்மவர்கள் "சேம்பர்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள். அதற்குள் குறைந்தது மூன்று வேறு வேறு இடங்கள் இருக்கின்றன.

முதலாவது, சிங்கப்பூர் இந்தியர் வர்த்தக, தொழிற்சபை. சுருக்கமாக சிக்கி. இது உறுப்பினர்கள் சந்தா கட்டி நடத்தும் அமைப்பு. தொடர்புகள், வர்த்தகப் பயணங்கள், ஏற்றுமதி ஆவணங்களுக்கான சான்று, அரசாங்கத்திடம் தொழில்துறையின் குரலைக் கொண்டுபோவது ஆகியவை இதன் வேலை.

இரண்டாவது, அதே சபை நடத்தும் எஸ்எம்இ நிலையம், அதாவது சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உதவி நிலையம். தொழில் வளர்ச்சிக்கான அரசாங்க அமைப்பான என்டர்பிரைஸ் சிங்கப்பூரின் ஆதரவோடு இது நடக்கிறது. சீனர் சபை, மலாய் சபை ஆகியவற்றுக்கும் இதே போன்ற நிலையங்கள் உண்டு. இங்கே ஆலோசகரைப் பார்க்கக் கட்டணம் கிடையாது, உறுப்பினராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. இந்த ஒரு விஷயம் தெரியாமலேயே ஆண்டுக்கணக்கில் கடை நடத்துபவர்கள் இருக்கிறார்கள். "நான் மெம்பர் இல்லையே" என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

மூன்றாவது, லிஷா எனப்படும் லிட்டில் இந்தியா கடைக்காரர்கள், மரபுடைமைச் சங்கம். தீபாவளி ஒளியூட்டு, கேம்பல் லேன் பஜார், அந்த வட்டாரத்துக்கு ஆட்களை வரவழைப்பது என்று இதன் கவனம் முழுக்க ஒரே வட்டாரத்தின் மேல். உட்லண்ட்ஸில் கடை வைத்திருப்பவருக்கு இங்கே பெரிதாக வேலை இல்லை. அவர் தன் பேட்டையின் வணிகர் சங்கத்தைத்தான் தேட வேண்டும்.

இவை தவிர, உரிமமும் அனுமதியும் தருவது அரசாங்க அமைப்புகள் மட்டுமே. உணவுக் கடை உரிமத்துக்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பு, அங்காடிக் கடை விவகாரத்துக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியம், வேலை அனுமதிக்கு மனிதவள அமைச்சு. "சேம்பர்ல சொன்னா லைசன்ஸ் சீக்கிரம் கிடைக்கும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இடையில் ஒன்று. உங்கள் நிறுவனத்தின் கட்டிய மூலதனம் (பங்குதாரர்கள் போட்ட முதல்) 500,000 வெள்ளியோ அதற்கு மேலோ இருந்தால், சட்டப்படி உங்கள் நிறுவனம் தானாகவே சிங்கப்பூர் வர்த்தகச் சம்மேளனத்தின் உறுப்பினர். அந்தச் சந்தா ரசீதைப் பார்த்துவிட்டு "மோசடியோ" என்று பயந்தவர்கள் உண்டு. பெரும்பாலான சிறு கடைகள் இந்த வரம்புக்குக் கீழேதான் இருக்கும்.

2. போகும் முன் கோப்பைத் தயார் செய்யுங்கள்

ஆலோசகரோடு கிடைக்கும் நேரம் குறைவு. அதில் பாதியை "அந்தப் பேப்பர் வீட்டில இருக்கு" என்று வீணடிக்க வேண்டாம். கீழே உள்ளவற்றைக் கைப்பேசியில் ஒரே கோப்புறையில் போட்டு வையுங்கள்.

நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசாங்க அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் எடுத்த, அண்மைத் தேதியிட்ட வணிக விவரச் சான்று. உங்கள் தொழில் என்ன வகையாகப் பதிவாகியிருக்கிறது, பங்குகள் யார் பெயரில் இருக்கின்றன என்பதெல்லாம் அதில் இருக்கும். முதலில் நீங்களே அதைப் படித்துவிடுங்கள். உணவகம் நடத்துபவர் ஒருவர் இன்னமும் "பொது மொத்த வணிகம்" என்று பதிவாகியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். தொழிலை மாற்றியவர் பதிவை மாற்றவில்லை.

பங்கு விவரத்தைக் குறிப்பாகப் பாருங்கள். பல உதவித் திட்டங்களுக்குக் குறைந்தது 30 விழுக்காடு பங்கு சிங்கப்பூரர் அல்லது நிரந்தரவாசி கையில் இருக்க வேண்டும். ஊரில் இருக்கும் மாமா முதல் போட்டார் என்று 80 விழுக்காட்டை அவர் பெயரில் எழுதிவைத்த நிறுவனம் அங்கேயே நின்றுவிடும். இதை விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் தெரிந்துகொள்வதைவிட முதல் நாளே தெரிந்துகொள்வது மேல்.

அடுத்து, கடைசி இரண்டு ஆண்டுக் கணக்கு. தணிக்கை செய்யாத கணக்கானாலும் சரி, வரவு செலவும் இருப்பும் தெளிவாக இருந்தால் போதும். தனியுரிமைத் தொழில் என்றால் வரித்துறையிடம் காட்டிய கணக்கு. அதோடு ஆறு மாத வங்கி அறிக்கை. வங்கிக் கணக்கு தொழில் பெயரில் இருக்க வேண்டும். சொந்தக் கணக்கிலேயே எல்லாம் ஓடினால், எது கடைப் பணம், எது வீட்டுப் பணம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. உங்களாலும் முடியாது.

கடைசியாக, கார்ப்பாஸ். அரசாங்க இணையச் சேவைகளில் தொழிலின் சார்பாக நுழைவது உங்கள் சிங்பாஸ் வழியாகத்தான். ஆனால் எந்தச் சேவையில் எந்த ஊழியருக்கு என்ன உரிமை என்பது கார்ப்பாஸில் அமைக்கப்படுகிறது. மானிய இணைவாசலான பிஸ்னஸ் கிராண்ட்ஸ் போர்ட்டலில் விண்ணப்பத்தைத் தயாரிக்கும் உரிமை வேறு, வரும் ஒப்புதல் கடிதத்தை ஏற்கும் உரிமை வேறு. கடையில் கணினி தெரிந்த தங்கைக்கு முதல் உரிமையை மட்டும் கொடுத்துவிட்டு முதலாளி ஊருக்குப் போய்விடுவார். கடிதம் வந்து ஏற்பாரில்லாமல் கிடக்கும். இரண்டையும் முதலிலேயே அமைத்துவிடுங்கள்.

3. உங்கள் பிரச்சினையை ஒரே வரியில் எழுதுங்கள்

"கவர்மெண்ட் ஏதாவது கிராண்ட் தருதா?" என்று கேட்டுப் போனால் ஒரு கட்டுத் துண்டுப் பிரசுரத்தோடு திரும்பி வருவீர்கள். ஆலோசகர் மேல் தப்பில்லை. அந்தக் கேள்விக்கு அவ்வளவுதான் பதில்.

மாறாக இப்படி எழுதிப் பாருங்கள்: "மதியம் 12 முதல் 2 வரை கல்லாவில் வரிசை நிற்கிறது, ஆள் போட முடியவில்லை." அல்லது, "மாதக் கடைசியில் சரக்குக் கணக்கு எடுக்க இரண்டு இரவு போகிறது, ஆனாலும் கணக்கு உதைக்கிறது." இப்போது ஆலோசகருக்கு வேலை இருக்கிறது. முதலாவதற்குத் தானாக ஆர்டர் எடுக்கும் இயந்திரமா, அடுக்களை வரிசையை மாற்றினாலே போதுமா என்று அவர் கேட்பார். பல நேரம் இரண்டாவதுதான் விடையாக இருக்கும், அதற்குக் காசும் ஆகாது.

பிரச்சினையை எழுதுங்கள், தீர்வை எழுதாதீர்கள். "எனக்கு அந்த பிராண்ட் பிஓஎஸ் மெஷின் (கல்லா இயந்திரம்) வேண்டும்" என்று தொடங்குபவர் ஏற்கெனவே ஒரு விற்பனையாளரின் பேச்சில் மயங்கியிருக்கிறார் என்று பொருள்.

4. எஸ்எம்இ நிலையத்தில் முதல் சந்திப்பு

நேரத்தை முன்கூட்டியே இணையத்திலோ தொலைபேசியிலோ பதிவு செய்யுங்கள். தமிழில் பேசினால்தான் உங்களுக்குச் சரளமாக வரும் என்றால், பதியும்போதே தமிழ் பேசும் ஆலோசகர் கிடைப்பாரா என்று கேளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அரைகுறை ஆங்கிலத்தில் கடையின் கணக்கை விளக்கி, பாதி புரிந்த பதிலோடு திரும்புவதில் என்ன லாபம்?

சந்திப்பில் உண்மையான எண்ணைச் சொல்லுங்கள். வரிக்குப் பயந்தோ கௌரவத்துக்காகவோ விற்பனையைக் கூட்டியோ குறைத்தோ சொன்னால், அதற்கேற்ற தவறான திட்டத்தைத்தான் அவர் காட்டுவார். அவர் வரி அதிகாரி இல்லை.

உங்களுக்குப் பதிலாக விண்ணப்பத்தை நிரப்பித் தருவது ஆலோசகரின் வேலை இல்லை. எது பொருந்தும், எது பொருந்தாது, எந்த ஆவணம் குறைகிறது என்று சொல்வார். கிளம்பும் முன் மூன்று விஷயங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: அடுத்து நான் செய்ய வேண்டியது என்ன, எந்த இணையத்தளத்தில், யாரைத் திரும்பத் தொடர்பு கொள்வது. மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது.

5. மானியம்: இங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள்

சிறு கடைகள் பெரும்பாலும் கேட்டு வருவது உற்பத்தித் திறன் தீர்வு மானியம், அதாவது பிஎஸ்ஜி. கல்லா, கணக்கு, சரக்கு மேலாண்மை போன்ற முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்ட தீர்வுகளுக்கும் சில இயந்திரங்களுக்கும் உரியது. அண்மை ஆண்டுகளில் தகுதிபெறும் செலவில் 50 விழுக்காடு வரை கிடைத்துவருகிறது. இத்தகைய திட்டங்களின் பெயரும் விகிதமும் வரவுசெலவுத் திட்டத்தோடு மாறுவது இங்கே வழக்கம். அதனால் பக்கத்துக் கடைக்காரர் போன வருடம் வாங்கியதை வைத்துக் கணக்குப் போடாமல், விண்ணப்பிக்கும் நாளில் அரசாங்கத்தின் கோபிஸ்னஸ் தளத்தில் பாருங்கள்.

வரிசை இதுதான். அங்கீகரிக்கப்பட்ட தீர்வைத் தேர்ந்தெடுப்பது. அந்த விற்பனை நிறுவனத்திடம் கொட்டேஷன் வாங்குவது. இணைவாசலில் விண்ணப்பிப்பது. ஒப்புதல் கடிதம் வந்ததும் அதை ஏற்பது. அதன் பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்து, பணம், பொருத்துதல். கடைசியாக, செலவைத் திரும்பக் கேட்டல்.

இந்த வரிசையில் எதை மாற்றினாலும், விண்ணப்பத்துக்கு முன்னால் பணம் கட்டுவதை மட்டும் செய்யவே கூடாது. விண்ணப்பிக்கும் முன்பே ஒப்பந்தம் போட்டாலோ முன்பணம் கொடுத்தாலோ அந்தச் செலவுக்கு மானியம் கிடையாது. மானியத்தின் நோக்கம், செய்யத் தயங்கும் ஒருவரைச் செய்ய வைப்பது. ஏற்கெனவே வாங்கிவிட்டவருக்கு எதற்கு? அதிகாரிகள் இதைத் தேதியை வைத்துத்தான் பார்ப்பார்கள். என்னிடம் வந்த ஒரு கேட்டரிங் தம்பதி கொட்டேஷனைக் காட்டினார்கள். எல்லாம் சரியாக இருந்தது. கீழே சின்ன எழுத்தில் "ஆர்டரை உறுதிசெய்ய 300 வெள்ளி" என்று ஒரு வரி, அதன் பக்கத்தில் பேனாவால் ஒரு டிக். பேநவ்வில் அனுப்பிவிட்டார்களாம். "அது டிபாசிட்தானே அண்ணே, திரும்பத் தருவாங்க" என்றார் அந்த அம்மா. மொத்தத் தொகையோடு ஒப்பிட்டால் 300 ஒன்றுமே இல்லை. ஆனால் உறுதி செய்த தேதி விண்ணப்பத் தேதிக்கு முந்தியது. முடிந்தது.

எனவே கொட்டேஷனில் "உறுதிசெய்கிறேன்", "ஏற்கிறேன்" என்று கையெழுத்து கேட்கும் இடம் இருந்தால் அதைக் காலியாக விடுங்கள். விற்பனையாளர் "சும்மா ஒரு சைன் போடுங்க, ஸ்லாட் போயிடும்" என்பார். போனால் போகட்டும்.

அடுத்த அடி, கைப்பணம். இது பணத்தைத் திருப்பித் தரும் மானியம். முழுத் தொகையையும் முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும். பிறகு இன்வாய்ஸ், பணம் கட்டிய அத்தாட்சி, கருவி வந்து பயன்பாட்டில் இருப்பதற்கான சான்று ஆகியவற்றைக் கொடுத்துப் பாதியைத் திரும்பப் பெற வேண்டும். இடைப்பட்ட மாதங்களில் அந்தப் பணம் உங்கள் கையில் இருக்காது. தீபாவளிச் சரக்கு வாங்க வேண்டிய மாதத்தில் போய் இதில் மாட்டிக்கொள்ளாதீர்கள். துணிக்கடைக்காரர்களுக்கும் பலகாரக் கடைக்காரர்களுக்கும் நான் சொல்வது: பண்டிகை முடிந்து கல்லா நிறைந்திருக்கும்போது தொடங்குங்கள்.

பணம் கட்டுவது வங்கி வழியாக, தொழில் கணக்கிலிருந்து, இன்வாய்ஸில் இருக்கும் அதே நிறுவனப் பெயருக்கு. ரொக்கமாகவோ அண்ணன் கணக்கிலிருந்தோ கொடுத்தால் அத்தாட்சி காட்டுவது தலைவலி. திரும்பக் கேட்பதற்குக் கடைசித் தேதி ஒப்புதல் கடிதத்திலேயே இருக்கும். அதைக் கடை நாட்காட்டியில் சிவப்பு மையில் எழுதிவையுங்கள். கருவி வந்துவிட்டது, வேலை நடக்கிறது என்ற நிம்மதியில் இதை மறந்து பணத்தை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. "உங்கள் பங்கையும் நாங்களே திருப்பித் தருகிறோம், உங்களுக்கு ஒரு காசு செலவில்லை" என்று சொல்லி வருபவர்கள் இருக்கிறார்கள். விலையை ஏற்றிக் காட்டி, மானியம் வந்ததும் பின்வாசல் வழியாகப் பங்கு பிரிப்பது. இது சலுகை இல்லை, அரசாங்கத்திடம் பொய்த் தகவல் தருவது. இந்த வகை மோசடியில் நீதிமன்றம் வரை போனவர்கள் உண்டு. விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் நிறுவனத்தின் பெயர், உங்கள் உறுதிமொழி. அதே போல, விண்ணப்பம் போட்டுத் தருகிறேன், வரும் தொகையில் இத்தனை விழுக்காடு கொடுங்கள் என்று கேட்பவரிடம் போகும் முன், அதே சந்தேகத்தை எஸ்எம்இ நிலையத்தில் இலவசமாகக் கேட்டுத் தெளியலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

6. வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புபவருக்கு: மூலச்சான்று

சபையை ஆண்டு முழுவதும் பயன்படுத்தும் ஒரு கூட்டம் உண்டென்றால் அது ஏற்றுமதியாளர்கள்தான். வாங்கும் நாட்டின் சுங்கத்துறையோ வங்கியோ "இந்தச் சரக்கு எந்த நாட்டில் விளைந்தது, எங்கே தயாரானது" என்று சான்று கேட்கும். அதற்குப் பெயர் மூலச்சான்று.

இதில் இரண்டு வகை. சாதாரண மூலச்சான்றைச் சிங்கப்பூர்ச் சுங்கத்துறை அனுமதித்த அமைப்புகள் வழங்கலாம். சிக்கி அவற்றில் ஒன்று. தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் வரிச்சலுகை பெற்றுத் தரும் சலுகை மூலச்சான்றைச் சுங்கத்துறை மட்டுமே வழங்கும், அதுவும் டிரேட்நெட் என்ற இணைய வர்த்தக அனுமதி முறை வழியாக. வாங்குபவர் "சிஓ (மூலச்சான்று) அனுப்புங்கள்" என்று மட்டும் எழுதுவார். எந்த வகை என்று அவரிடம் திருப்பிக் கேளுங்கள். சாதாரணச் சான்றை வாங்கி அனுப்பிவிட்டு, அங்கே வரிச்சலுகை மறுக்கப்பட்டபின் கண்டெய்னர் துறைமுகத்தில் நிற்கும்போது மாற்ற முயல்வது பெரும்பாடு.

அடுத்த பிழை, நாட்டின் பெயர். சிங்கப்பூரிலிருந்து போகும் சரக்கெல்லாம் சிங்கப்பூர்ச் சரக்காகிவிடாது. மியன்மாரில் விளைந்த உளுந்தை இங்கே இறக்கி, உங்கள் கடைப் பெயர் அச்சிட்ட பையில் போட்டு மாலத்தீவுக்கு அனுப்பினால், அதன் மூலநாடு மியன்மார்தான். பை மாற்றியதால் நாடு மாறாது. அதை நிரூபிக்க, உங்களுக்கு விற்றவரின் இன்வாய்ஸும் அவர் தந்த மூலச்சான்றின் நகலும் தேவைப்படும். சரக்கு வாங்கும்போதே இவற்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள். விற்றவருக்குப் பணம் போய்ச் சேர்ந்த பிறகு பேப்பர் கேட்டால் பதில் வர வாரங்கள் ஆகும்.

மூன்றாவது, ஆவணங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமை. வணிக இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் ரசீது மூன்றையும் மேசையில் அருகருகே வைத்து விரல் வைத்துப் படியுங்கள். வாங்குபவரின் பெயர், எடை, பைகளின் எண்ணிக்கை, சரக்கின் விவரம். ஒன்றில் "உளுத்தம் பருப்பு 400 மூட்டை", இன்னொன்றில் "பருப்பு வகை 400 பெட்டி" என்று இருந்தால் சபையின் கவுண்டரிலேயே கேள்வி வரும். வரட்டும், நல்லதுதான். அங்கே தப்பினால் வங்கியில் மாட்டும். கடன் உறுதிக் கடிதத்தின் பேரில், அதாவது ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதியின் பேரில், பணம் வர வேண்டியிருந்தால், வங்கி சரக்கைப் பார்க்காது, ஆவணத்தை மட்டுமே பார்க்கும். கடிதத்தில் உள்ள வாசகத்துக்கும் உங்கள் ஆவணத்துக்கும் வேறுபாடு இருந்தால் பணத்தை நிறுத்தி வைக்கலாம். எனவே கடன் உறுதிக் கடிதத்தின் வாசகத்தை எல்லா ஆவணத்துக்கும் மூலமாக வைத்துக்கொண்டு, அதிலிருந்தே எழுத்துக்கு எழுத்து எடுத்து எழுதுங்கள்.

முதல் முறை விண்ணப்பிப்பவர் நிறுவன விவரத்தையும் கையெழுத்து அதிகாரம் பெற்றவர் விவரத்தையும் சபையில் பதிந்துகொள்ள வேண்டியிருக்கும். கப்பலில் ஏற்றும் நாளில் அதைச் செய்யாதீர்கள். அதற்கு முந்தைய வாரமே முடித்துவிடுங்கள்.

7. கடன் தேவைப்பட்டால்

சபை கடன் தராது. எஸ்எம்இ நிலையம் எந்தத் திட்டம் பொருந்தும் என்று சொல்லும், பணம் தருவது வங்கி அல்லது நிதி நிறுவனம். தொழில் நிதித் திட்டத்தின் கீழ் நடைமுறை மூலதனக் கடனுக்கு (அன்றாடத் தொழில் செலவுக்கான கடன்) உச்சவரம்பு 500,000 வெள்ளி. அரசாங்கம் வங்கியின் நட்ட அபாயத்தில் ஒரு பங்கை ஏற்கிறது. இதைப் பலர் "அரசாங்கமே கட்டிவிடும்" என்று புரிந்துகொள்கிறார்கள். இல்லை. நீங்கள் வாங்கிய கடன் முழுவதும் உங்களுடையதுதான். இயக்குநரின் சொந்த உத்தரவாதத்தையும் வங்கி கேட்கக்கூடும்.

ஒரே வாரத்தில் நாலைந்து வங்கிகளில் விண்ணப்பம் போடாதீர்கள். ஒவ்வொன்றும் உங்கள் கடன் பதிவைத் தேடும், அந்தத் தேடல்களே ஒரு பதற்றத்தின் அடையாளமாகத் தெரியும். ஆலோசகரோடு பேசி, பொருத்தமான ஒன்றிரண்டில் முயலுங்கள்.

8. உறுப்பினராவது: இப்போதுதான்

இலவச ஆலோசனையைப் பயன்படுத்திப் பார்த்த பிறகு இந்த முடிவை எடுங்கள். முதல் மாதமே சந்தா கட்டிவிட்டு, ஒரு கூட்டத்துக்கும் போகாமல் "சேம்பரால ஒண்ணும் பிரயோஜனம் இல்ல" என்று சொல்பவர்களைப் பார்த்து அலுத்துவிட்டது.

யாருக்குப் பயன்? மாதம் தவறாமல் ஏற்றுமதி ஆவணம் எடுப்பவருக்கு. மற்ற நிறுவனங்களுக்கு விற்பவருக்கு, அதாவது கேட்டரிங், அச்சகம், கணக்கியல், சரக்குப் போக்குவரத்து போன்றவற்றுக்கு. இந்தியாவிலோ மற்ற நாட்டிலோ கூட்டாளி தேடுபவருக்கு. நேரடியாக வீட்டு வாடிக்கையாளருக்கு மட்டுமே விற்கும் சின்னக் கடைக்கு, என் அபிப்பிராயத்தில், வட்டாரச் சங்கமே முதலில் போதும்.

சேரும் முன் உறுப்பினர் வகைகளைப் படியுங்கள். எந்த வகைக்கு வாக்குரிமை உண்டு, எதற்குக் கட்டணக் கழிவு உண்டு, சந்தா நாட்காட்டி ஆண்டுக்கா அல்லது சேர்ந்த தேதியிலிருந்தா என்று கேளுங்கள். அக்டோபரில் சேர்ந்து டிசம்பரில் புதுப்பிக்கச் சொன்னால் கசக்கும்.

சேர்ந்த பிறகு, விருந்துகளைவிடத் துறைவாரிக் குழுக்களில் உட்காருங்கள். ஐந்நூறு பேர் கூடும் இரவு விருந்தில் அறுபது பெயரட்டை கிடைக்கும், வேலை ஒன்றும் கிடைக்காது. பன்னிரண்டு பேர் உட்காரும் கூட்டத்தில் உங்கள் தொழில் என்ன என்று பதினோரு பேருக்குத் தெரிந்துவிடும். வர்த்தகப் பயணம் போவதென்றால், அங்கே யாரைச் சந்திக்க வேண்டும் என்று முன்கூட்டியே சபையிடம் எழுதிக் கொடுங்கள். அவர்கள் ஏற்பாடு செய்ய நேரம் வேண்டும். விமானத்தில் ஏறிய பிறகு சொன்னால் சுற்றுலாவாகத்தான் முடியும்.

9. பொதுக் குறையைச் சபை வழியாகக் கொண்டுபோவது

சபையின் இந்த வேலை வெளியே அதிகம் தெரிவதில்லை. தனி ஒரு உணவகம் அமைச்சுக்குக் கடிதம் போட்டால் அது ஒரு கடையின் சங்கடம். ஐம்பது உணவகங்கள் ஒரே விஷயத்தை எண்களோடு சொன்னால் அது துறையின் சங்கடம்.

இந்திய உணவகங்களுக்குச் சமையற்காரர் கிடைக்காத சிக்கல் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டது. 2023 செப்டம்பர் 1 முதல் இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையற்காரர்களை வேலை அனுமதியில் அமர்த்த மனிதவள அமைச்சு வழிவிட்டது. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2,000 வெள்ளி, எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு உண்டு. கேட்டது எல்லாம் அப்படியே கிடைக்கவில்லை, நிபந்தனைகளோடுதான் கிடைத்தது. அரசாங்கத்தோடு பேசுவது பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

உங்கள் குறையைச் சொல்லும்போது, "எல்லாருக்கும் கஷ்டம்" என்று எழுதாதீர்கள். எத்தனை மாதம் ஆள் தேடினீர்கள், எந்தத் தளத்தில் விளம்பரம் போட்டீர்கள், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை நாள் கடையைச் சீக்கிரம் மூடினீர்கள் என்று எழுதுங்கள். சபை கருத்தாய்வுப் படிவம் அனுப்பும்போது அதை நிரப்பி அனுப்புங்கள். அமைச்சின் முன் உட்காரும்போது சபையின் கையில் இருப்பது அந்தப் படிவங்கள்தான்.

வாடகைத் தகராறு இதில் சேராது. அது உங்கள் தனி ஒப்பந்தம். ஆனால் ஓராண்டுக்கு மேற்பட்ட சில்லறைக் கடை ஒப்பந்தங்களுக்கு, 2024 பிப்ரவரி முதல் வாடகை நடத்தை விதிகள் சட்டப்படி கட்டாயம். கையெழுத்துப் போடும் முன் அந்த விதிகளோடு உங்கள் ஒப்பந்தத்தை ஒத்துப் பாருங்கள். வீட்டுக்காரர் தந்த தாளில் விதியிலிருந்து விலகும் வரி இருந்தால், அதைச் சுட்டிக்காட்டிப் பேச அதுவே சரியான நேரம்.

பண்டிகைக்கால பஜார் இடம், தெரு நிகழ்ச்சி போன்றவற்றுக்கு லிஷா போன்ற வட்டாரச் சங்கத்தோடு பல மாதங்களுக்கு முன்பே தொடர்பில் இருங்கள். ஒளியூட்டு தொடங்கியபின் இடம் கேட்டால், யாரோ கைமாற்றி விடும் இடம்தான் கிடைக்கும், அதுவும் யானை விலைக்கு.

10. சபைக்குப் போக வேண்டாதவை

வாடிக்கையாளர் பணம் தரவில்லை என்றால், தொகை 20,000 வெள்ளிக்குள் இருந்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வரை போகலாம். இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் பதிய வேண்டும். இணையத்திலேயே பதியலாம். சபைத் தலைவரிடம் போய்ச் "சொல்லி வாங்கித் தாங்க" என்று கேட்பது அவரையும் சங்கடப்படுத்தும்.

பொருள் சேவை வரிப் பதிவுக்கு வரித்துறை. வரிக்குட்பட்ட ஆண்டு விற்பனை 1 மில்லியன் வெள்ளியைத் தாண்டினால் பதிவது கட்டாயம். அதற்குக் கீழே விருப்பப்பட்டுப் பதிய நினைப்பவர்கள் இன்வாய்ஸ்நவ் மின்-இன்வாய்ஸ் நிபந்தனையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2026 ஏப்ரல் முதல் புதிதாக விருப்பப் பதிவு செய்யும் எல்லாருக்கும் அது பொருந்தும். கணக்கு மென்பொருளுக்கு மானியம் கேட்கப் போகிறவர், அந்த மென்பொருள் இன்வாய்ஸ்நவ்வோடு இணையுமா என்று கொட்டேஷன் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் இணைப்புக்குத் தனி விலை சொல்வார்கள்.